உப்பிய பேட்டரியும் அப்பாவின் பாட்டுப் பெட்டியும்

வாசகி ஒருவரின் கடிதம்:

"அப்பாவுக்கு 74 வயது. கைக்கு அடக்கமான எம்.பி.3 பிளேயர் ஒன்று வைத்திருக்கிறார். மெமரி கார்டு, எஃப்.எம்., சின்ன ஸ்பீக்கர், இயர்போன் ஓட்டை எல்லாம் இருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் பழைய நோக்கியா போனில் இருந்த மாதிரி தட்டையான பேட்டரி. ஒன்றரை வருடமாக நன்றாக ஓடியது. இரண்டு மாதமாகப் பின்மூடி மூட மறுக்கிறது. பேட்டரி நடுவில் உப்பியிருக்கிறது. அப்பா ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார். ரிப்பேர் கடைக்காரர் ஒருவர், ஊசியால் லேசாகக் குத்திக் காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். இரவில் தலையணைப் பக்கத்தில் சார்ஜில் போட்டு, இயர்போன் மாட்டிப் பாட்டு கேட்டுக்கொண்டே தூங்குவார். என் தம்பியின் போன் சார்ஜர்தான் போடுகிறோம். அதுதான் காரணமா? வால்யூமையும் முழுதாக வைக்கிறார். பாட்டு வேறு பாதியில் நின்று நின்று போகிறது. பேட்டரி மாற்றினால் போதுமா, பிளேயரையே மாற்ற வேண்டுமா?"

அன்புள்ள வாசகிக்கு,

மற்ற கேள்விகளுக்குப் போகுமுன் ஒரு வேலை. அந்த பிளேயரை இனி ஒருமுறைகூடச் சார்ஜில் போடாதீர்கள். இப்போது சார்ஜில் இருந்தால் முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள், பிறகு கேபிளைப் பிடுங்குங்கள். ரப்பர் பேண்டைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி தானாக வெளியே வருகிறதென்றால் எடுங்கள். நகத்தால் நெம்பினால் வருமென்றால்கூடச் சரி. கத்தி, ஸ்குரூடிரைவர் கொண்டு நெம்பவேண்டிய அளவுக்கு இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள், பிளேயரோடு சேர்த்தே அப்புறப்படுத்தலாம். எடுத்த பேட்டரியின் விளிம்பில் மூன்று உலோகத் தகடுகள் தெரியும். அவற்றின்மேல் எலக்ட்ரீஷியன்கள் ஒட்டும் இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். பழைய தகர டப்பா ஒன்றில் காய்ந்த மணல் போட்டு அதில் பேட்டரியை வையுங்கள். டப்பாவை இறுக மூட வேண்டாம். வெயில் படாத, குழந்தைகள் கைக்கு எட்டாத திண்ணையிலோ மாடிப்படிக்குக் கீழே சிமெண்ட் தரையிலோ இருக்கட்டும். பக்கத்தில் துணி, பேப்பர், கேஸ் சிலிண்டர் எதுவும் வேண்டாம்.

ஊசி யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். அந்த உறைக்குள் மெல்லிய செம்புத் தகடும் அலுமினியத் தகடும், இடையே பிளாஸ்டிக் சவ்வு ஒன்றும், பாயைப் போலச் சுருட்டி அடைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது அந்தச் சவ்வு மட்டும்தான். ஊசி அதைத் துளைத்தால் தகடுகள் இரண்டும் ஊசி வழியாகவே இணையும். தேங்கியிருக்கும் மின்சாரம் முழுவதும் ஒரே புள்ளியில் சூடாக மாறும். உள்ளே இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. உப்பலுக்குக் காரணமான வாயுவிலும் எரியும் வகைகள் உண்டு. எரியும்போது வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கலந்திருக்கும், நுரையீரலுக்குக் கொடியது அது. ரப்பர் பேண்டும் இதே காரணத்தால்தான் ஆபத்து. உப்பிய பேட்டரியை அழுத்தினால் இடம் பிசகிய தகடுகள் இன்னும் நெருங்கும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சக்தி இறங்கிவிடும் என்று யாராவது சொன்னாலும் வீட்டில் செய்ய வேண்டாம்.

ஒருவேளை எப்போதாவது பேட்டரியிலிருந்து இனிப்பும் காரமுமாக ஒரு வாடை வந்தாலோ, சீறல் கேட்டாலோ, புகை தெரிந்தாலோ கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியேறுங்கள். தீ சின்னதாக இருந்து, கரண்ட் இணைப்பும் இல்லையென்றால் தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். இந்த வகைத் தீயை அடக்குவது குளிர்ச்சிதான். அணைந்த மாதிரி தெரிந்தாலும் மறுபடி பற்றும், அதனால் உடனே தொடாதீர்கள். தீயணைப்புக்கு 101, அல்லது 112.

இனி அந்த பேட்டரி ஏன் உப்பியது என்று பார்ப்போம். காரணம் தெரியாமல் புதியது போட்டால் அதுவும் ஒன்றரை வருடத்தில் இதே நிலைக்கு வரும்.

உங்கள் தம்பியின் சார்ஜர் குற்றவாளியாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிளேயருக்கு வேண்டியது 5 வோல்ட். பெயர் பெற்ற நிறுவனத்தின் வேகச் சார்ஜர், எதிரில் இருக்கும் கருவி கேட்டால்தான் 9 வோல்ட், 12 வோல்ட் என்று ஏற்றும். கேட்காத கருவிக்கு 5 வோல்ட்தான் தரும். எத்தனை ஆம்பியர் உள்ளே போக வேண்டும் என்பதையும் சார்ஜர் முடிவு செய்வதில்லை. பிளேயரின் போர்டில் இருக்கும், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன ஐ.சி.யும் (சிப்) அதற்குப் பக்கத்தில் உள்ள ஒரு ரெசிஸ்டரும்தான் முடிவு செய்கின்றன.

கோளாறு, சார்ஜில் போட்டுக்கொண்டே பாட்டு கேட்பதில் இருக்கிறது. இந்த மாதிரி பிளேயர்களில் சார்ஜ் ஐ.சி. பேட்டரியை 4.2 வோல்ட் வரை ஏற்றும். அதன் பிறகு உள்ளே போகும் கரண்ட் மெல்ல மெல்லக் குறையும். தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும், "நிரம்பிவிட்டது" என்று ஐ.சி. தானே நிறுத்திக்கொள்ளும். பிளேயர் ஓடிக்கொண்டிருந்தால் பாட்டுக்கான கரண்டும் அதே வழியாகத்தான் போகிறது. ஐ.சி.யின் கணக்கில் கரண்ட் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குக் குறையவே குறையாது. விளைவாக பேட்டரி இரவு முழுவதும் 4.2 வோல்ட் உச்சத்திலேயே பிடித்து வைக்கப்படுகிறது. லித்தியம் அயான் பேட்டரிக்கு நிரம்பிய நிலையில் நெடுநேரம் இருப்பதே கஷ்டம். அதோடு சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும். தலையணையும் போர்வையும் அந்தச் சூட்டை வெளியே விடாது. கோவில்பட்டிப் பக்கத்துக் கோடையில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும் இரவுகள் உண்டு. இந்த பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. தலையணைக்கும் மெத்தைக்கும் நடுவில் அந்த அளவை எட்ட அதிக நேரம் ஆகாது. அப்பா தெரியாமல் செய்தது இது. அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

இதைவிடவும் எனக்குக் கவலை தருவது, சார்ஜில் இருக்கும்போது இயர்போன் மாட்டுவது. சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கமும் 5 வோல்ட் பக்கமும் பிரிந்தே இருக்க வேண்டும். மலிவான போலிச் சார்ஜர்களில் அந்த இடைவெளியும் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பும் பெயருக்குத்தான் இருக்கும். அது ஒருநாள் உடைந்தால் வீட்டுக் கரண்ட் கேபிள் வழியாக பிளேயருக்கும், அங்கிருந்து இயர்போன் கம்பி வழியாகக் காதுக்கும் வந்து சேரும். வியர்த்த உடம்பு, ஈரத் தரை என்றால் உயிருக்கே ஆபத்து. நல்ல சார்ஜர் என்று நம்பினாலும் இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கு வேண்டாம்: சார்ஜில் இருக்கும்போது இயர்போன் கூடாது. சார்ஜர் வாங்கும்போது அதன்மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர் என்ற ஆங்கில எழுத்துக்குப் பின் எட்டு இலக்கங்கள் இருக்கும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசு செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த பதிவு என்று காட்டும். பேட்டரிக்கும் இதே மாதிரிப் பதிவு எண் உண்டு.

பேட்டரி மட்டும் மாற்றினால் போதுமா? நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது பி.எல்-5சி என்ற வகை. நோக்கியா 1100 காலத்திலிருந்து புழக்கத்தில் இருப்பதால் இன்று எஃப்.எம். ரேடியோவிலும் சின்ன ஸ்பீக்கரிலும் அதையே போடுகிறார்கள். பழைய பேட்டரியின்மேல் அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். பிளேயரின் பேட்டரிக் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று ஸ்பிரிங் பின்களும் பளபளப்பாக, ஒரே உயரத்தில் இருந்து, பிளாஸ்டிக் உருகாமல், பழுப்பேறாமல் இருந்தால் புது பேட்டரி போடலாம். பின் கறுத்திருந்தாலோ, குழியின் தரை வளைந்திருந்தாலோ, சார்ஜ் ஓட்டையில் கேபிள் ஆடினாலோ பிளேயரையே மாற்றுங்கள். மாற்றும்போதும் கழற்றி மாட்டும் பேட்டரி உள்ளதையே வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். உள்ளே உருளை வடிவ 18650 பேட்டரியைப் பற்றவைத்த பிளேயர்கள் அதிக நேரம் ஓடும், உண்மைதான். ஆனால் அதில் பேட்டரி கெட்டாலும் கசிந்தாலும் வெளியே தெரியாது. உங்கள் வீட்டில் பின்மூடி மூடாமல் போனதால்தானே விஷயம் கண்ணில் பட்டது.

புது பேட்டரி வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் கொள்ளளவைக் கவனியுங்கள். இந்த உருவமுள்ள பேட்டரியில் 1,000 மில்லி ஆம்பியர்-மணி சுற்றுவட்டாரம்தான் அடங்கும். நோக்கியா பேட்டரியிலேயே 1,020 என்றுதான் போட்டிருக்கும். அதே உருவத்தில் 2,500, 3,000 என்று அச்சடித்திருந்தால் அது பொய், எடுத்ததும் திருப்பிக் கொடுங்கள். கடையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் ஓரத் தகடுகள் இரண்டிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பனைக்கு வைத்திருந்த பேட்டரி 3.6 முதல் 4 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 3 வோல்ட்டுக்குக் கீழே என்றால் நெடுநாள் கிடந்து வறண்டது, வேண்டாம். பெயரைப் பார்த்து மட்டும் நம்பிவிடவும் கூடாது. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் செய்த பி.எல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது உள்ளேயே ஷார்ட் ஆகிச் சூடேறக்கூடும் என்று நோக்கியாவே 2007 ஆகஸ்டில் எச்சரித்து, சுமார் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளுக்கு மாற்று தருவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய தொழிற்சாலைகளிலேயே தவறு நேரும்போது, பெயர் ஊர் இல்லாத பேட்டரியைத் தலைமாட்டில் வைப்பதை யோசித்துப் பாருங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டி அழுத்தும்போது அங்கே தீப்பிடிக்கும். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பொறுப்பு. போன் சர்வீஸ் சென்டர்களிலும், நகராட்சியின் மின்கழிவுச் சேகரிப்பிலும் கேளுங்கள். மணல் டப்பாவோடே கொண்டுபோங்கள். கூரியரில் அனுப்ப வேண்டாம்.

பாட்டு பாதியில் நிற்பதற்கு வருகிறேன். இதற்கும் பேட்டரிக்கும் நேரடித் தொடர்பு இருக்கக்கூடும். உப்பிய பேட்டரியின் உள்தடை, அதாவது கரண்ட் வெளியே வருவதை உள்ளேயே தடுக்கும் தன்மை, கூடியிருக்கும். முழு வால்யூமில் தவில் அடி விழும்போது ஸ்பீக்கர் ஒரே கணத்தில் நிறையக் கரண்ட் இழுக்கும். பேட்டரியால் கொடுக்க முடியாமல் வோல்ட் சட்டென்று இறங்கும், பிளேயர் அணைந்து மறுபடி தொடங்கும். இப்படித் திடீர் திடீரென்று அணைவதால் மெமரி கார்டில் இருக்கும் கோப்புப் பட்டியலும் சிதையும். புது பேட்டரி போட்ட பிறகு பாருங்கள். சத்தமான இடங்களில் மட்டும் நின்றது சரியாகிவிட்டால் குற்றம் பேட்டரியுடையது. ஒரே பாட்டு, ஒரே இடத்தில், மெல்லிய சத்தத்திலும் நிற்கிறதென்றால் கார்டையோ அந்தக் கோப்பையோ பார்க்க வேண்டும்.

கார்டைச் சரிசெய்ய, முதலில் பாட்டு முழுவதையும் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாடல்களைத் தேடிச் சேர்த்திருப்பார். அந்த ஒரே கார்டில் மட்டும் அவை இருப்பது சரியல்ல. பிறகு கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், சின்ன பிளேயர்கள் பலவற்றுக்கு அது படிக்கத் தெரியாது. 8 அல்லது 16 ஜி.பி. கார்டே தாராளம். 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 1 எம்.பி., நான்கு நிமிடப் பாட்டு 4 எம்.பி. ஆக 8 ஜி.பி.யில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் பாட்டு அடங்கும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டாலும் வரிசை மாறிப் பாடுவதாகச் சொல்வார்கள். மலிவான பிளேயர் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை, கார்டில் எந்தப் பாட்டு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். ஆகவே ஃபார்மட் செய்த கார்டில், அப்பா விரும்பும் வரிசையிலேயே ஒவ்வொன்றாக நகலெடுங்கள். காலையில் கேட்பது ஒரு ஃபோல்டர், மாலையில் கேட்பது ஒரு ஃபோல்டர் என்று வைத்தால் அவருக்குத் தேடும் சிரமம் இருக்காது. பிளேயரை அணைக்காமல் கார்டைப் பிடுங்கக் கூடாது.

வால்யூம் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-ல் வெளியிட்ட அளவுகோலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. இயர்போனில் முழு வால்யூம் 100 டெசிபலைத் தொடுமானால் அந்த வாரத்துக்கு மொத்தமே 24 நிமிடம்தான். அப்பா ஓர் இரவில் கேட்பது அதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

ஆனால் "சத்தத்தைக் குறையுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் குறைக்க மாட்டார். அவருக்கு வார்த்தை புரியாததால்தான் கூட்டுகிறார். வயதாகும்போது முதலில் போவது மேல்ஸ்தாயி ஒலிகள். ச, த, ப, க போன்ற எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், தாளமும் கீழ்ஸ்தாயியும் நன்றாகவே கேட்கும். வால்யூமைக் கூட்டினால் தாளம்தான் இன்னும் இடிக்கும். இதற்குச் செய்யக்கூடியவை உண்டு. பிளேயரில் பேஸ் (கீழ்ஸ்தாயி) கூட்டும் அமைப்பு இருந்தால் அணையுங்கள். இயர்போனின் வலையைப் பாருங்கள், மெழுகு அடைத்திருந்தாலே சத்தம் பாதியாகிவிடும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பல்துலக்கும் பிரஷால் தட்டினாற்போலத் துடைத்தால் தூள் கீழே விழும். தண்ணீரோ எண்ணெயோ வேண்டாம். காதுக்குள்ளும் மெழுகு இருக்கலாம், பட்ஸ் போட்டால் அது இன்னும் உள்ளேதான் போகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, கேட்கும் திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள். காதில் ரீங்காரம் நிற்காமல் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். ஒரு காது திடீரென்று ஓரிரு நாளில் அடைத்துப்போனால் அன்றைக்கே போக வேண்டும்.

இனிமேல் எப்படி வைத்துக்கொள்வது என்றால், சார்ஜ் பகலில் மட்டும், யாராவது விழித்திருக்கும் நேரத்தில். 1,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 500 மில்லி ஆம்பியரில் ஏற இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். பிளேயரை அணைத்து, ஸ்டூல் மேலோ டைல்ஸ் தரையிலோ வைத்துச் சார்ஜ் போடுங்கள். நிறைந்ததும் சுவிட்சை அணையுங்கள். முழுவதும் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கால்வாசி இருக்கும்போதே போடலாம். டிவி மேல், ஜன்னல் விளிம்பு, வெயிலில் நிற்கும் வண்டி, பூஜை விளக்குக்குப் பக்கம் ஆகிய இடங்களில் வைக்க வேண்டாம். ஊருக்குப் போய் ஒரு மாதம் பயன்படுத்தாமல் இருக்கும் என்றால் பாதிச் சார்ஜில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீர் பட்டுவிட்டால் சார்ஜில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும், அதைத்தான் செய்யக்கூடாது. பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தபடி மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் வையுங்கள். அரிசியில் புதைத்தால் ஈரம் போவதைவிட மாவுத்தூள்தான் ஓட்டைகளில் ஏறும். சார்ஜ் ஓட்டையில் பஞ்சும் தூசியும் இருந்தால், பிளேயரை அணைத்து பேட்டரியைக் கழற்றிய பிறகு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசியோ சேஃப்டி பின்னோ வேண்டாம். இயர்போன் கம்பியை பிளேயரைச் சுற்றி இறுக்கிச் சுற்றாதீர்கள், பிளேயரில் செருகும் முனையோடு சேரும் கழுத்தில்தான் முதலில் உள்ளே அறுந்துபோகும். அப்பாவுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், காந்தம் உள்ள ஸ்பீக்கரையும் இயர்போனையும் சட்டைப் பையில் போடக் கூடாது. பேஸ்மேக்கருக்கும் அவற்றுக்கும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

இரவுப் பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. தூக்கம் வராத வயதில் அது அவருக்குத் துணை. இயர்போனை மட்டும் விட்டுவிடட்டும், கம்பி கழுத்தைச் சுற்றும் பயமும் போகும். சார்ஜ் கேபிள் இல்லாமல், பகலில் ஏற்றிய பேட்டரியில், கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் காதுக்கு ஒன்றரை அடி தூரத்தில் பிளேயரை வைத்து, ஸ்பீக்கரில் மெல்ல ஓடவிடுங்கள். அடுத்த அறைக்குக் கேட்காது. தானாக அணையும் டைமர் உள்ள பிளேயர் என்றால் 30 நிமிடத்துக்கு வையுங்கள். இல்லையென்றால் இரவு ஃபோல்டரில் ஏழெட்டுப் பாட்டு மட்டும் போட்டு, திரும்பப் பாடும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

புது பேட்டரி வந்தபின் மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, சமதளமான மேசைமேல் படுக்கவைத்து விரலால் சுழற்றிப் பாருங்கள். நல்ல பேட்டரி உரசி உடனே நின்றுவிடும். பம்பரம் மாதிரி சுற்றினால் நடுவில் உப்பத் தொடங்கிவிட்டது. அதை மறுபடி உள்ளே போட வேண்டாம், நேராக மணல் டப்பாவுக்கு அனுப்பிவிடுங்கள்.